காப்பு நகல் எங்கே இருக்கிறது?

தோல் தொழிற்சாலை ஒன்றில் விலைமதிப்பு மிக்க பொருள் எது? பெரிய மர டிரம்கள் என்று சிலர் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரங்கள் என்றும், கிடங்கில் அடுக்கியிருக்கும் பதனிட்ட தோல்கள் என்றும் வேறு சிலர் கூறலாம். இவை எல்லாவற்றையும் காப்பீடு செய்துகொள்ள முடியும். பணம் இருந்தால் மீண்டும் வாங்கவும் முடியும். ஆனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாத பொருள் ஒன்று அங்கே உண்டு. அதுதான் அலுவலக அறையின் மூலையிலுள்ள கணிப்பொறியில் சேர்ந்திருக்கும் தகவல்.

இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றுப் படுகையின் ஊர்கள் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றவை. ஒரு காலத்தில் இவை யாவும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. இங்குள்ள தொழிற்சாலைகளில் இன்று என்னென்ன தகவல்கள் சேர்கின்றன என்று முதலில் பார்ப்போம்.

முதலாவது, பதனிடும் முறைக் குறிப்பு. தொழிலில் இதை 'ரெசிபி' என்றே சொல்கிறார்கள். குறிப்பிட்ட பழுப்பு நிறத்தில், குறிப்பிட்ட மென்மையோடு ஒரு தோல் வேண்டுமென்றால், தோலின் எடையில் எத்தனை சதவீதம் குரோம் உப்பு, எவ்வளவு சாயம், எவ்வளவு எண்ணெய், டிரம் எத்தனை நிமிடம் சுழல வேண்டும், நீரின் பி.எச். மதிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளர் அதே நிறத்தைக் கேட்டால் இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். இரண்டாவது, காலணியின் ஒவ்வோர் அளவுக்கும் உரிய வெட்டு வடிவங்கள். மூன்றாவது, ஏற்றுமதிக் கணக்கு, ரசீது, வரி விவரங்கள். நான்காவது, தொழிலாளர்களின் வருகைப் பதிவு, ஊதியம், வருங்கால வைப்புநிதிக் கணக்கு. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருவர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதற்கு அந்தப் பதிவு ஒரு முக்கியமான சான்று. அது அழிந்தால் முதலாளிக்கு மட்டுமா நட்டம்?

ஆகவே இத்தகவல்களுக்குக் காப்பு நகல் வேண்டும். இதை யாரும் மறுப்பதில்லை. 'எங்களிடம் நகல் இருக்கிறது' என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்த நகல் எங்கே இருக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

காந்தத் தட்டு ஏன் கெடுகிறது?

கணிப்பொறியின் வன்தட்டில் தகவல்கள் மிகச் சிறிய காந்தப் பகுதிகளாக எழுதப்படுகின்றன. ஒரு பகுதியின் காந்தத் திசை ஒருபுறம் இருந்தால் 0, மறுபுறம் இருந்தால் 1 என்று கொள்ளலாம். பல தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தட்டின் மேற்பரப்பைத் தொடாமல் ஒருசில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு குறுகிய இடைவெளியில் இயங்கும் கருவி, அதிர்ச்சியாலோ தேய்மானத்தாலோ ஒரு நாள் நின்றுவிடுவதில் வியப்பில்லை. ஆயிரக்கணக்கான தட்டுகளை வைத்திருக்கும் நிலையங்களின் அனுபவப்படி, ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு தட்டுகள் பழுதாகின்றன.

சுழலும் பகுதியே இல்லாத புதிய வகை நினைவகங்களும் பென் டிரைவும் சிறைப்பட்ட எலக்ட்ரான்களின் உதவியால் தகவலைக் காக்கின்றன. அந்தச் சிறையின் சுவர் மிக மெல்லிய காப்புப் படலம். மின் இணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் எலக்ட்ரான்கள் மெல்லக் கசிந்துவிடக்கூடும்.

தோல் தொழிற்சாலைக்கென்றே தனியான ஒரு தொல்லையும் உண்டு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கரைசலின் காரத்தன்மை குறையும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும். வெள்ளிப் பாத்திரத்தைக் கறுக்கச் செய்யும் அதே வாயுதான் இது. கணிப்பொறிச் சுற்றுகளிலுள்ள வெள்ளி, தாமிர இணைப்புகளையும் இது அரிக்கும். அவ்வாயு பரவும் இடத்துக்கு அருகிலுள்ள அறையில் கணிப்பொறியை வைத்து, அதன் பக்கத்திலேயே காப்பு நகலையும் வைத்தால் இரண்டும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன என்று பொருள்.

எண்ணிக்கையா, இடமா?

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 50-இல் 1 என்று கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து நடக்கும் வாய்ப்பைக் காண, இரண்டு வாய்ப்புகளையும் பெருக்க வேண்டும். ஆகவே இரண்டு தட்டுகளும் ஒரே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 2,500-இல் 1. மூன்று தட்டுகளாயின் 1,25,000-இல் 1. தட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து மறைந்துவிடும் போலத் தோன்றுகிறது அல்லவா?

ஆனால் 'ஒன்றையொன்று சாராத' என்ற சொற்களை மறந்துவிடக் கூடாது. மூன்று தட்டுகளும் ஒரே அறையில் இருக்கின்றன. அந்த அறையில் தீப்பிடிக்கவோ வெள்ளம் புகவோ ஆண்டுக்கு 500-இல் 1 வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். தீ வந்தால் மூன்றும் சேர்ந்தே போகும். இப்போது மொத்த ஆபத்து, 1,25,000-இல் 1 உடன் 500-இல் 1-ஐக் கூட்டினால் வருவது. அதாவது 1,25,000-இல் 251.

இனி மூன்றாவது தட்டை மட்டும் எடுத்து வெகு தொலைவிலுள்ள வேறோர் ஊரில் வைப்போம். அறையில் மீதமுள்ள இரண்டும் அழியும் வாய்ப்பு 2,500-இல் 6. அதே ஆண்டில் தொலைவிலுள்ள தட்டும் பழுதாகும் வாய்ப்பு 50-இல் 1. இரண்டையும் பெருக்கினால் 1,25,000-இல் 6.

251 எங்கே, 6 எங்கே! தட்டின் விலை கூடவில்லை, எண்ணிக்கையும் கூடவில்லை. இடம் மாறியதால் மட்டும் ஆபத்து நாற்பது மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. மாறாக, அதே அறையில் பத்துத் தட்டுகளை அடுக்கினாலும் 500-இல் 1 என்ற எல்லைக்குக் கீழே ஆபத்து இறங்காது. நகல்களின் பலம் அவற்றின் எண்ணிக்கையைக் காட்டிலும், ஒன்றுக்கு நேர்வது மற்றொன்றுக்கும் நேராதபடி வைப்பதில்தான் இருக்கிறது.

நம் முன்னோருக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் படியெடுத்தார்கள். படிகள் மடங்களிலும் வீடுகளிலும் பல ஊர்களில் சிதறியிருந்தன. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது இதனால்தான். இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியையும் தமிழர் அறிவர். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சில் வந்த நூல்களை வேறிடத்தில் தேடிப் பிடிக்கலாம். ஒரே படியாக இருந்த ஏடுகளை எங்கே தேடுவது?

பருவமழை கற்பிக்கும் பாடம்

சரி, ஆம்பூர்த் தொழிற்சாலையின் நகலை எந்த ஊரில் வைக்கலாம்? பல நிறுவனங்களுக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு. ஆம்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஆகவே 'ஒரு நகல் தொழிற்சாலையில், மற்றொரு நகல் சென்னை அலுவலகத்தில்' என்பது நல்ல ஏற்பாடாகவே தோன்றும். தீக்கும் திருட்டுக்கும் அது போதும். வெள்ளத்துக்குப் போதுமா?

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதனால் அதில் வெள்ளம் வரும் என்பதையே மறந்துவிடுகிறோம். 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பெரும் உயிர்ச்சேதத்தை விளைவித்தது. 2021 நவம்பரில் பாலாறு மீண்டும் இரு கரையும் நிரம்பி ஓடியது. கரையோரப் பகுதிகளில் நீர் புகுந்தது. சென்னையின் கதை என்ன? 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, அடையாற்று வெள்ளம் நகரைச் சூழ்ந்தது. 2021 நவம்பர் 7-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 21 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

மாதங்களைக் கவனியுங்கள். எல்லாம் நவம்பர், டிசம்பர். 2021-இல் சென்னை மழைக்கும் பாலாற்று வெள்ளத்துக்கும் இடையே இரண்டு வாரந்தான். காரணம் தெளிவு. இரண்டு இடங்களும் வடகிழக்குப் பருவமழையின் ஆட்சியில் உள்ளவை. வங்கக் கடலில் தோன்றும் ஒரே தாழ்வழுத்தம் கடற்கரையிலும் மழை தரும். உள்நாட்டுக்கு நகர்ந்து பாலாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் மழை தரும். அதாவது இவ்விரு இடங்களின் ஆபத்துகள் 'ஒன்றையொன்று சாராதவை' அல்ல. அவற்றின் வாய்ப்புகளைப் பெருக்கிக் கணக்கிட நமக்கு உரிமை இல்லை.

மும்பையை எடுத்துக்கொள்வோம். அங்கும் வெள்ளம் உண்டு. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆனால் அது தென்மேற்குப் பருவமழை. மும்பையை மழை வருத்தும் ஜூலையில் பாலாறு வறண்டு கிடக்கும். பாலாறு பொங்கும் நவம்பரில் மும்பையில் பொதுவாக வானம் தெளிந்திருக்கும். ஆம்பூர் நகலுக்கு மும்பை நல்ல துணை என்பதை நாட்காட்டியே சொல்லிவிடுகிறது.

மேகம் என்பது என்ன?

மும்பையில் அலுவலகமே இல்லாத சிறு நிறுவனம் அங்கே எப்படி நகல் வைக்கும்? இங்கேதான் 'மேகக் கணிமை' உதவுகிறது. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். தொலைபேசி, கணிப்பொறி வலைப்பின்னல்களின் படம் வரையும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று விவரிக்கத் தேவையில்லாத பகுதியைப் பொறியாளர்கள் மேக உருவில் வரைந்து காட்டுவது வழக்கம். அந்தப் படமே பெயராக நிலைத்தது. மேகம் வானத்தில் இல்லை. தரையில் உறுதியான கட்டடங்களுக்குள் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சர்வர் கணிப்பொறிகள், குளிரூட்டிகள், மின்கலங்கள், டீசல் ஜெனரேட்டர்கள் ஆகியவற்றைக் கொண்ட நிலையங்கள் அவை. இந்தியாவில் மும்பை, சென்னை, ஹைதராபாத், புனே போன்ற நகரங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. அவற்றில் தேவையான அளவு இடத்தை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எந்த நகரத்து நிலையம் என்பதையும் பெரும்பாலும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

நிலையத்துக்குள் நமது கோப்பு ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. துண்டுகளாகப் பிரித்து, கூடுதலான சில துண்டுகளையும் கணக்கிட்டுச் சேர்த்து, பல தட்டுகளில் பரப்புகிறார்கள். இதன் அடிப்படை எளிது. 7, 4, 9 என்ற மூன்று எண்களை மூன்று தட்டுகளிலும், அவற்றின் கூட்டுத்தொகையான 20-ஐ நான்காவது தட்டிலும் எழுதுங்கள். இரண்டாவது தட்டு கெட்டுவிட்டால், 20-இலிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்து 4-ஐ மீட்டுவிடலாம். இதையே இன்னும் நுட்பமான கணிதத்தால் செய்து, பல தட்டுகள் ஒருசேரப் பழுதானாலும் தகவல் நிலைக்குமாறு செய்கிறார்கள்.

நகலின் பயணம்

ஆம்பூரிலிருந்து மும்பைக்கு நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அந்தக் கணக்கில் ஐந்து மில்லி விநாடியில் போய்ச் சேர்ந்துவிடலாம். இழை சுற்றிச் சென்றாலும் சற்றுக் கூடும், அவ்வளவே. ஆகவே தொலைவு ஒரு தடையே அன்று. குழாயின் அகலம்தான் தடை.

ஒரு நிறுவனத்தில் 1 டெராபைட் தகவல் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள். மொத்தம் 8 இலட்சம் கோடி பிட்டுகள். அனுப்பும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட், அதாவது 2 கோடி பிட்டுகள் என்றால், 4 இலட்சம் விநாடிகள் ஆகும். நான்கரை நாளுக்கு மேல்! நாள்தோறும் இதைச் செய்ய முடியுமா?

செய்யத் தேவையில்லை. முதல்முறை மட்டும் முழுவதும் அனுப்பப்படும். அதன்பின் அன்றன்று மாறியவை மட்டுமே செல்லும். ஒரு நாளில் 2 ஜிகாபைட் மாறினால், அதே இணைப்பில் 800 விநாடிகள், அதாவது பதினான்கு நிமிடங்களுக்குள் வேலை முடிந்துவிடும்.

எது மாறியது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு துண்டையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் இட்டு 256 பிட்டுகள் கொண்ட ஓர் எண்ணைப் பெறுகிறார்கள். இது அத்துண்டின் கைரேகை போன்றது. துண்டில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். சாத்தியமான எண்களின் மொத்தத் தொகையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஆகையால் இரு வேறு துண்டுகளுக்கு ஒரே எண் அமைந்துவிடும் என்ற அச்சம் நடைமுறையில் வேண்டியதில்லை. கைரேகை மாறாத துண்டை மீண்டும் அனுப்புவதில்லை. ஒரே காலணியின் படம் மூன்று பிரிவுகளின் கணிப்பொறிகளில் இருந்தாலும் மேகத்தில் அது ஒரு முறைதான் சேமிக்கப்படும்.

வெளியாரின் கட்டடத்தில் நம் ரெசிபியை வைப்பது பாதுகாப்பா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தகவலைத் தொழிற்சாலையிலிருந்து புறப்படும் முன்பே மறையீடு செய்து, சாவியை நாமே வைத்துக்கொள்வதுதான் இதற்கு விடை. நிலையத்தாரின் கையில் இருப்பது பொருளற்ற எண்குவியல். ஆனால் சாவியைத் தொலைத்தால் நமக்கும் அது வெறும் எண்குவியல்தான். எனவே சாவிக்கும் ஒரு நகல், வேறோர் இடத்தில், வேண்டும்.

ஒருமுகப்படுத்துவது எதை?

'மையப்படுத்திய காப்பு நகல்' என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பது என்று நினைக்கிறார்கள். அப்படிக் குவித்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று தென் கொரியா. 2025 செப்டம்பர் 26-இல் தேஜான் நகரிலுள்ள அந்நாட்டு அரசின் தகவல் நிலையத்தில் மின்கலங்களிலிருந்து தீ பரவியது. 'ஜி-டிரைவ்' என்னும் பொதுச் சேமிப்பகத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் அரசு அலுவலர்கள் தம் கோப்புகளை வைத்திருந்தனர். அதில் இருந்தது 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே நகல் எடுக்கப்படவில்லை. அத்தனையும் எரிந்துபோயிற்று.

மையப்படுத்த வேண்டியது கண்காணிப்பை. பரப்ப வேண்டியது நகல்களை. இதைச் சற்று விளக்குவோம். ஒரு தொழிற்சாலையில் கணக்கர் தம் கணக்குகளைப் பென் டிரைவில் எடுத்து வைக்கிறார். வடிவமைப்பாளர் தம் வெட்டு வடிவங்களை இன்னொரு தட்டில் வைக்கிறார். சாயப் பிரிவின் மேற்பார்வையாளர் தம் கைப்பேசியில் படம் பிடித்து வைக்கிறார். யார், எப்போது, எதை நகலெடுத்தார் என்று எவருக்கும் தெரியாது. மேற்பார்வையாளர் வேறு வேலைக்குப் போனால் ரெசிபியும் அவருடனேயே போய்விடும்.

மைய ஏற்பாட்டில், ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஒரு சிறு நிரல் அமர்ந்து, குறித்த நேரத்தில் தானாகவே நகலை அனுப்பும். பொறுப்பாளரின் ஒரே திரையில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் தெரியும். எது நேற்றிரவு நகலெடுத்தது, எது மூன்று நாளாக எடுக்கவில்லை என்பது ஒரு பார்வையில் விளங்கும். மனிதர் மறப்பர், விடுப்பில் போவர். கடிகாரம் விடுப்பில் போவதில்லை.

மையத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு

எல்லா நகல்களையும் ஒரே திரையிலிருந்து ஆளலாம் என்றால், அந்தத் திரையைக் கைப்பற்றியவன் எல்லாவற்றையும் அழிக்கவும் கூடும். 'கோட் ஸ்பேசஸ்' என்ற நிறுவனத்துக்கு 2014 ஜூனில் இதுவே நேர்ந்தது. அமேசான் மேகத்தில் அதன் தகவல்களும் காப்பு நகல்களும் ஒரே கணக்கின் கட்டுப்பாட்டில் இருந்தன. அக்கணக்குக்குள் நுழைந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். பிறகு பெரும்பாலானவற்றை அழித்துவிட்டான். சில மணி நேரத்தில் நடந்த இந்த அழிவோடு நிறுவனமே மூடப்பட்டது. தொலைவு அங்கே உதவவில்லை; எல்லா நகல்களுக்கும் ஒரே சாவி என்பதே பொதுக் காரணமாக நின்றது.

தகவல்களை மறையீடு செய்து பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸும் இத்தகையதே. 2022 நவம்பர் 23-இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இவ்வாறு தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. நாட்கணக்கில் நோயாளிகளின் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. ஆனால் தாக்குதலுக்கு உட்படாத ஒரு காப்பு சர்வர் இருந்தது. அதிலிருந்து மருத்துவமனைத் தகவல்கள் மீட்கப்பட்டன.

இதனால்தான் இன்று 'மாற்ற இயலா நகல்' என்ற வசதியைப் பயன்படுத்துகிறார்கள். ஒருமுறை எழுதியபின், முப்பது நாட்கள் என்று காலம் குறித்துவிட்டால், அதுவரை உரிமையாளரே விரும்பினாலும் அந்த நகலை அழிக்க முடியாது. கல்வெட்டைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். வைரஸ் நம் கோப்புகளைக் கெடுத்து, கெட்ட கோப்பு நகலாகப் போய்ச் சேர்ந்தாலும், அதற்கு முந்தைய நாளின் நல்ல நகல் அப்படியே இருக்கும்.

மீட்டுப் பார்த்ததுண்டா?

2017 ஜனவரி 31-இல் 'கிட்லேப்' என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரண்டாம் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரிலேயே அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் போயிற்று. நகல்கள்தாம் உண்டே என்று தேடியபோது, அமைத்து வைத்த பல முறைகளில் ஒன்றும் சரிவர வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. நாள்தோறும் எடுக்க வேண்டிய நகல் எடுபடாமலே போய்க்கொண்டிருந்தது. அந்த எச்சரிக்கையும் யாருக்கும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் வெளியிட்ட அந்நிறுவனத்துக்கு உலகமே நன்றி சொல்ல வேண்டும்.

நகலை மீட்டுப் பார்த்தால்தான் அது நகலா என்பது தெரியும். அப்போது இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எவ்வளவு நேர வேலையை இழக்கச் சம்மதம் என்பது முதற் கேள்வி. இரவுதோறும் நகலெடுத்தால் அதிகபட்சம் ஒரு நாள் வேலை போகும். எவ்வளவு நேரத்தில் தொழிற்சாலை மீண்டும் இயங்க வேண்டும் என்பது இரண்டாவது. 1 டெராபைட்டை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் மேகத்திலிருந்து இறக்க 80,000 விநாடிகள், அதாவது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கப்பலேற்றும் நாளில் இவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அதனால்தான் சிறு பழுதுகளுக்கு உதவ அருகிலும் ஒரு நகல் வேண்டும். பேரிடருக்குத் தொலைவில் ஒன்று வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது வெறும் முன்னெச்சரிக்கை மட்டுமன்று, சட்டக் கடமையும் ஆகும். கம்பெனிகள் (கணக்கு) விதிகள் 2014-இன்படி, மின்னணு வடிவில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி அதன் காப்பு நகலை இந்தியாவுக்குள் அமைந்த சர்வரில் வைக்க வேண்டும். முதலில் 'குறிப்பிட்ட கால இடைவெளியில்' என்றிருந்த சொல், 2022 ஆகஸ்டில் 'நாள்தோறும்' என்று மாற்றப்பட்டது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, கணக்குகளை ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மின்னணுப் பதிவுகள் அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடிய வகையில் நகல் இருக்க வேண்டும் என்பதும் அந்த வரி விதிகளிலேயே உண்டு.

சிறு தொழிற்சாலை என்ன செய்யலாம்?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய '3-2-1' என்ற விதி நினைவில் வைக்க எளிது. மூலத்தோடு சேர்த்து மூன்று நகல்கள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறிடத்தில். இதை நமது பகுதிக்கு ஏற்பப் பின்வருமாறு அமைக்கலாம்.

1. பயன்பாட்டிலுள்ள கணிப்பொறியைத் தவிர, தொழிற்சாலை வளாகத்திலேயே இரண்டாவது நகல். தரைத்தளத்தில் வேண்டாம், சல்பைடு வாயு எட்டாத மாடி அறையில், நகலெடுக்கும் நேரம் தவிர இணைப்பைக் கழற்றி வைத்தல் நல்லது.

2. மூன்றாவது நகல் மேகத்தில். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வடகிழக்குப் பருவமழைக்கு வெளியே உள்ள நகரத்தைக் கேட்டு வாங்குக.

3. அன்றாடக் கணக்குக்கு உரிய கடவுச்சொல்லும் மேக நகலுக்கு உரிய கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கக் கூடாது. மாற்ற இயலா நகல் வசதியைப் பயன்படுத்துக. மறையீட்டுச் சாவியின் படியொன்றை வேறிடத்தில் பத்திரப்படுத்துக.

4. பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, வாரம் ஒருமுறை திரையைப் பார்த்துக் குறிப்பேட்டில் கையொப்பமிடச் செய்க.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு ரெசிபியையும் ஒரு தொழிலாளியின் ஊதியப் பதிவையும் மேகத்திலிருந்து மீட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க. ஆகும் நேரத்தையும் எழுதி வைக்க. வெள்ளக் காலம் தொடங்குமுன், செப்டம்பரில் இதைச் செய்வது மிகப் பொருத்தம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டில் பெற்றோரின் வேலைச் சான்றுகள், உங்கள் மதிப்பெண் பட்டியல்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றுக்கு எத்தனை நகல்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கைப்பேசியின் பெயரையோ ஒரே பீரோவின் பெயரையோ எழுத நேர்ந்தால், உங்களிடம் உண்மையில் இருப்பது ஒரே நகல்தான்.